வெள்ளமுனை ஊதல்

மோகனசுந்தரத்தைப் பக்கவாதம் அடித்துப் போட்டபோது பேச்சை மொத்தமாக வழித்துக்கொண்டு போயிற்று. ஒன்றை மட்டும் விட்டுவிட்டுப் போனது: ஐ ஐ சார்.

கடற்படையில் மேலே இருப்பவன் எதைச் சொன்னாலும் கீழே நிற்பவன் திருப்பிச் சொல்ல வேண்டியது அது. சொன்னபடியே செய்கிறேன் ஐயா என்று அர்த்தம். மீசை அரும்பாத வயதில், வெள்ளமுனைப் பயிற்சித் தளத்தில், தொண்டை கிழியக் கத்திப் பழகியது. சர்வீஸ் முடிந்து பெருமாட்டிக்குத் திரும்பித் தென்னந்தோப்பில் இறங்கிய பிறகு ஒருநாளும் அவர் வாயில் அது வந்ததில்லை. ஊரில் அவர் எதிர்ப்பேச்சுக்குப் பேர்போன ஆள். வாய்க்கால் ஓவர்சியரோ பஞ்சாயத்து மெம்பரோ, யாராக இருந்தாலும் முதலில் முடியாது என்றுவிட்டு அப்புறம்தான் என்ன விஷயம் என்று கேட்பார். அப்பேர்ப்பட்டவருக்கு இப்போது சோறு வேண்டுமா என்றால் ஐ ஐ சார். போதுமா என்றாலும் ஐ ஐ சார். எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினாலும் அதேதான்.

நினைப்பில் ஒரு குறையும் இல்லை. சொற்கள் எல்லாம் உள்ளே வரிசையாகத்தான் நின்றன. வாசலுக்கு வந்ததும் அத்தனையும் ஒரே உடுப்பை மாட்டிக்கொண்டு வெளியே போயின.

"கேக்கறதெல்லாம் வெளங்கும். சொல்றதுக்குத்தான் வழி அடைஞ்சு போச்சு. ரொம்பப் பழகின ஏதோ ஒரு வார்த்தை மட்டும் சில பேருக்கு ஒட்டிக்கிட்டு நின்னுரும்" என்று கோயமுத்தூர் டாக்டர் கமலாத்தாளிடம் சொல்லியனுப்பினார்.

கமலாத்தாள் அதையும் ஒரு சிரிப்பாக்கிக்கொண்டாள். "கல்யாணம் ஆனதுலிருந்து நாஞ் சொன்ன ஒரு பேச்சுக்காவது ஆமான்னு சொன்னதுண்டுங்களா நீங்க? இப்பப் பாருங்க, தொட்டதுக்கெல்லாம் ஆமாங்கறீங்க. சாமி லேட்டாக் கண்ணத் தொறந்தாலும் நல்லாத்தான் தொறந்துருக்குது."

அவர் பாதி வாயால் சிரித்தார். மீதிப் பாதி கீழே தொங்கிக் கிடந்தது.

பேச்சு போன பிறகு அவர் மௌனத்தைப் பார்க்கப் பழகியிருந்தார். வீட்டுக்குள் பல தினுசு மௌனம் இருந்தது. வந்தவர்கள் என்ன பேசுவது என்று தெரியாமல் விசிறியைப் பார்க்கும் மௌனம் ஒன்று. கமலாத்தாள் புளி கரைக்கும்போது இருக்கும் மௌனம் இன்னொன்று. மூன்றாவது அவருக்கே உரியது. அதற்குள் ஒரு படகு போய்க்கொண்டே இருக்கும்.

சுவரில் காலண்டர் ஆணிக்குப் பக்கத்து ஆணியில் கப்பல் ஊதல் தொங்கியது. வெள்ளி நிறத்தில், விரல் நீளத்துக்கு மேல் ஒரு வளைந்த குழல், நுனியில் சுண்டைக்காய் அளவு ஓர் உருண்டை, உருண்டையில் ஒரு துளை. உருண்டையை உள்ளங்கையில் வைத்து விரலை மூடித் திறந்து ஊதினால் தொனி ஏறும், இறங்கும், குருவி மாதிரி துடிக்கும். கப்பலில் புயல் இரைச்சலுக்கு மேலே கேட்பதற்காக உண்டான சாமான்.

பெருமாட்டியில் கடல் இல்லை. காற்று உண்டு. கணவாய் வழியாக மார்கழியில் கிழக்கிலிருந்து இறங்கும் காற்றில் பக்கத்து வரப்பில் நிற்பவன் கூப்பிட்டாலே காதில் விழாது. தோப்போ நீளவாக்கில் கிடக்கிறது. மூலத்தரை அணையிலிருந்து வரும் வாய்க்காலின் ஷட்டர் ஒரு கோடியில், மடை மாற்றுகிறவன் மறு கோடியில். ஊருக்கு வந்த முதல் வருஷமே மோகனசுந்தரம் ஊதலைக் கையில் எடுத்துவிட்டார். கீழிருந்து மேலே ஏறினால் திற. துடித்துத் துடித்து வந்து சட்டென்று அறுந்தால் நிப்பாட்டு. கப்பலில் பாய்க்கயிறு இழுப்பவர்களுக்குச் சொன்னதைத்தான் அவர் தண்ணீருக்குச் சொன்னார். முதலில் ஊரே கேலி செய்தது. அப்புறம் அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் கொத்துகிற பெண்கள்கூட அவர் நிப்பாட்டு ஊதினால் ஒரு நிமிஷம் மண்வெட்டியைப் பிடித்தபடி நிற்பார்கள்.

மூன்றாவதாக ஓர் ஊதல் உண்டு. ஏறாமல் இறங்காமல் ஒரே நீளமாகப் போகும். அது தண்ணீருக்கானதில்லை. ஆனி மாதத்தில் ஒருநாள் மட்டும், வாய்க்கால் கரையில் நின்று ஊதுவார். ஷட்டர் பார்க்கும் ஆறுச்சாமி ஏன் எதற்கு என்று கேட்டதில்லை. அந்த ஊதலைக் கேட்டால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வான்.

வாதம் வந்த பிறகு அவர் ஒரு மத்தியானம், யாரும் இல்லை என்று நினைத்து, இடது கையால் ஊதலை எடுத்து வாயில் வைத்துப் பார்த்தார். தொங்கிப்போன வலது கடைவாய் வழியே காற்றெல்லாம் ஒழுகிற்று. பஞ்சரான ட்யூப் மாதிரி ஒரு சத்தம். திரும்ப மாட்டிவிட்டார். அடுக்களைக் கதவோரம் கமலாத்தாள் நின்றதை அவரும் பார்த்தார், அவர் பார்த்ததை அவளும் பார்த்தாள். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் விளக்கோடு சேர்த்து அந்த ஊதலையும் புளி போட்டுத் தேய்க்கத் தொடங்கினாள்.

கேமராக்காரர்கள் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலமே முருகேஸ்வரி வந்து சேர்ந்துவிட்டாள். சித்திரபுரத்தில் பஸ் ஏறி, மறையூர், உடுமலை, பொள்ளாச்சி என்று மாறி மாறி வந்ததில் முகம் வாடியிருந்தது. தேயிலை ஃபேக்டரியில் சலிக்கும் வேலை பார்த்து ஓய்ந்தவள். பையைத் திறந்து முதலில் எடுத்தது ஒரு பொட்டலம் தேயிலைத்தூள்.

"மதினி, ஒங்க ஊர்க் கடைத்தூளத் தூக்கி அந்தாண்ட போடுங்க. அது தூளில்ல, ஃபேக்டரியில நாங்க பெருக்கித் தள்ளுறது."

"அதையத்தானுங்க அம்மிணி இத்தன நாளா ருசியா இருக்குதுன்னு குடிச்சுப்போட்டோம்" என்றாள் கமலாத்தாள்.

முருகேஸ்வரி சிரித்துவிட்டு, கட்டிலில் சாய்ந்திருந்த மோகனசுந்தரத்தின் அருகில் வந்து உட்கார்ந்தாள். "அண்ணே. நாளைக்குத்தான?"

"ஐ ஐ சார்."

"எங்கம்மா இருந்திருந்தா நடந்தே வந்திருக்கும்ணே."

அவள் அண்ணன் பாண்டீஸ்வரன் வெள்ளமுனையில் மோகனசுந்தரத்தோடு ஒரே அணியில் பயிற்சிக்குச் சேர்ந்தவன். பள்ளிவாசல் என்ற தேயிலை எஸ்டேட்டின் கூலி லயத்திலிருந்து கடலுக்குப் போன முதல் பையன். ஓர் ஆனி மாதம் படகுப் பயிற்சிக்குப் போனவன் திரும்பவில்லை. அன்றைக்குக் கடலில் இறங்கக் கூடாது என்று கொடிக்கம்பத்தில் கறுப்புக் கூம்பு ஏற்றியிருந்தார்கள். ஏற்றியிருந்தும் படகு போனது என்று எழுத ஆபீசில் யாருக்கும் கை வரவில்லை. தளத்தை விட்டு ஓடிப்போனான் என்று எழுதினார்கள். லயத்துக்குப் போலீஸ் வந்து அரிசிப்பானையைக்கூடக் கவிழ்த்துத் தேடியது. அப்பன் சுடலை கடைசிவரை 'ஓடிப்போனவனோட அப்பன்'தான். மகன் உயிரோடு எங்கோ இருப்பதாக அரசாங்கம் சொல்லும்போது எப்படிச் சடங்கு செய்வது? தாய் சின்னத்தாய் ஒரு விளக்கும் வைக்கவில்லை, ஒரு பிடி எள்ளும் இறைக்கவில்லை.

மோகனசுந்தரம் அன்றே சொன்னார். அதிகாரி முன்னால் நின்று, ஓடவில்லை, செத்தான் என்று சொன்னார். துப்பாக்கியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றச் சொன்னார்கள். சுற்றி முடித்து வந்து மறுபடியும் அதையே சொன்னார். கொட்டடியில் போட்டார்கள். படகில் இருந்த மற்றவர்களைத் திசைக்கு ஒருவராக அனுப்பிவிட்டார்கள். அந்தப் படகில் போனவர்களில் இன்று உயிரோடு இருப்பவர் இவர் மட்டும்தான். முதல் லீவில் பள்ளிவாசல் போய்ச் சின்னத்தாயின் முன்னால் கடல் கொண்டு போயிற்று என்று மட்டும் சொன்னார். அந்த நிலையில் அவளுக்கு அதற்குமேல் தாங்காது.

இப்போது வெள்ளமுனைத் தளம் மூடிப் பல காலம் ஆகிவிட்டது. இடித்தது போக ஒரு பழைய ஹால் மட்டும் நிற்கிறது. அதில் பயிற்சி பெற்ற வீரர்களின் நினைவுகளைப் படம்பிடித்து வைக்கப்போகிறார்கள். பயிற்சியில் உயிர்விட்டவர்களின் பெயர்களையும் ஒரு சுவரில் பொறிக்கப்போகிறார்கள். போன வருஷம் போனில் கேட்டபோது மோகனசுந்தரம் சொல்லியிருந்தார்: "வாங்க. அந்தப் பையன் பேரச் சொல்றக்குத்தான் நா உசுரோட இருக்கறேன்." கேமரா வருவதற்குள் வாதம் வந்துவிட்டது.

கமாண்டர் சாம்பசிவன் காலைச் சாப்பாட்டுக்கே வந்துவிட்டார். கல்பாத்திக்காரர். மோகனசுந்தரம் வெள்ளமுனையை விட்டு வெகுகாலம் கழித்து அங்கே அதிகாரியாக இருந்தவர். நினைவுக் கமிட்டிக்கு அவர்தான் செக்ரட்டரி. கூடவே தம்பி மகள் பவ்யா கேமராவும் மைக்குமாக இறங்கினாள். கொச்சியில் வேலை. பெரியப்பாவுக்காக லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"எப்படி இருக்கேள், மோகனசுந்தரம்?" அவர் கையைப் பிடித்துக்கொண்டார் சாம்பசிவன்.

"ஐ ஐ சார்."

சாம்பசிவனின் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா பவ்யா? உடம்பு விழுந்தும் டிசிப்ளின் விழலை. இதாக்கும் நேவி."

முருகேஸ்வரி கமலாத்தாளைப் பார்த்தாள். கமலாத்தாள் கரண்டியைப் பார்த்தாள்.

அரிசிம்பருப்புச் சோறு, மேலே நெய், தொட்டுக்கொள்ள அப்பளம், நீர்மோர். பவ்யா இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டாள். மோகனசுந்தரத்துக்குக் கமலாத்தாள் இடது பக்க வாயில் சிறுசிறு கவளமாக வைத்தாள். வலது கடைவாயில் வழிந்ததைத் துடைக்க முந்தானையைக் கொண்டுபோனவள், வெளியாட்கள் இருக்கிறார்கள் என்று ஒரு கணம் தயங்கி, துண்டை எடுத்துத் துடைத்தாள். அவர் அதைக் கவனித்தார்.

முன் வராந்தாவில் நாற்காலி போட்டார்கள். பவ்யா காதில் ஹெட்போனை மாட்டிக் கேட்டுவிட்டு முகம் சுளித்தாள்.

"பெரியப்பா, தண்ணி சத்தம் ரொம்ப வரது."

முற்றத்தை ஒட்டி ஓடும் கால்வாயில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு போனது. அன்று அவர்கள் தோப்பின் முறை.

"கொஞ்ச நேரம் நிறுத்த முடியுமோ?" என்றார் சாம்பசிவன்.

"மொறத் தண்ணிங்க" என்றாள் கமலாத்தாள். "பொழுது எறங்கறதுக்குள்ள பாஞ்சாத்தான் உண்டு. உட்டா அடுத்தவீட்டுத் தண்ணியாப் போயிருமுங்க. ஆறுச்சாமிய போன்ல கூப்பட்டா, சேத்துக்கையில எங்க எடுக்கறான்? இவரு ஊதுன காலத்துல சொன்னா நின்னுச்சு."

"சாரமில்லை, போகட்டும். ஒரு அட்மாஸ்ஃபியரா இருக்கட்டும்." சாம்பசிவன் சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். "மோகனசுந்தரம், உங்களால பேச முடியலைன்னு நான் விட்டுட முடியுமோ? உங்க ஓர்மை, அந்த ஞாபகமெல்லாம், விட்டுப்போனா வெள்ளமுனைக்கே குறையாக்கும். அதனால நானே எழுதிண்டு வந்திருக்கேன். பவ்யா படிப்பள். நீங்க கேட்டுண்டு உட்கார்ந்தாப் போறும்."

பவ்யா படித்தாள். நல்ல குரல்.

"'வெள்ளமுனை எனக்குத் தாய்வீடு. அங்கே எனக்குச் சோறு போட்டார்கள், சட்டை கொடுத்தார்கள், ஒழுக்கம் கொடுத்தார்கள். ஆசான்கள் எங்களைப் பெற்ற பிள்ளைபோல் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் அணியில் சேர்ந்த அத்தனை பேரும் பயிற்சி முடித்து முழு மனிதர்களாக வெளியே வந்தோம்.'"

முருகேஸ்வரி எழுந்து நின்றுவிட்டாள்.

மோகனசுந்தரத்தின் உள்ளே சொற்கள் முட்டிக்கொண்டு ஓடி வந்தன. பொய். அத்தனை பேரும் இல்லை. ஒருவன் வரவில்லை. நிறுத்து அந்தப் பேப்பரை. முழு பலத்தோடு வாயைத் திறந்தார்.

"ஐ ஐ சார்!"

"ஆஹா!" சாம்பசிவன் தொடையில் தட்டினார். "இதான் முடிவு. படிச்சு முடிச்சதும் இவர் முகத்தை மட்டும் காட்டி, இதே குரலை வெச்சுடலாம். பாக்கறவா அழுதுடுவா."

"ஐ ஐ சார்! ஐ ஐ சார்!" மோகனசுந்தரம் நாற்காலிக் கையை அறைந்தார்.

"எமோஷனல் ஆறார். தண்ணி கொடுங்கோ."

"அய்யா." முருகேஸ்வரியின் குரல் தணிந்து வந்தது. "எங்கண்ணன் எங்க?"

சாம்பசிவனுக்கு அவள் யார் என்று அப்போதுதான் பிடிபட்டது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க பாண்டீஸ்வரனோட..."

"தங்கச்சி."

"இதப் பாருங்கோ அம்மா. நான் கெட்டவன் இல்லை. தளமே போயிடுத்து. ஒரு ஹால்தான் மிச்சம். அதையும் தரமாட்டேன்னு சொல்றவா மேலே இருக்கா. கால்ல விழாத குறையா வாங்கிருக்கேன். இப்போ இந்தக் கேஸைக் கிளப்பினா ஹாலும் போயிடும், நூறு பேரோட ஓர்மையும் போயிடும். ரெக்கார்டில ஓடிப்போனதா இருக்கற ஒருத்தனுக்காக..."

"ஓடுனத யாரு பாத்தா?"

"மோகனசுந்தரம் ஒருத்தர்தான் சாட்சி. அவரால இனிமே சொல்ல முடியாது. நான் என்ன பண்ண?"

"அவரு சொல்ல முடியாதுன்னா நீங்க எழுதிக்கிருவீங்களா? அவரு ஐ ஐ சார்ங்குறாரு. அதத் தவிர வேற சொல்ல வராதுன்னு எனக்குத் தெரியும், மதினிக்குத் தெரியும். படம் பாக்குறவனுக்குத் தெரியுமா? எங்கண்ணன் பொய்யின்னு இவரே ஒத்துக்கிட்டாருன்னுல்ல நெனப்பான்? போலீசு எழுதுனப்பயாச்சும் அவுக வாயால எழுதுனாக. நீங்க எங்க ஆளு வாயாலயே எழுதுறீகளே அய்யா!"

பவ்யா தாளை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். கேமராவின் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டே இருந்தது.

மோகனசுந்தரம் இடது கையைத் தூக்கி வீட்டுக்குள் காட்டினார். கமலாத்தாள் கட்டிலைக் காட்டுகிறார் என்று நினைத்து, "படுக்கறீங்களா மாமா?" என்றாள். அவர் கையை இறக்கவில்லை. அவள் அந்தக் கை போகும் திசையில் பார்த்தாள். காலண்டர். பக்கத்து ஆணி.

உள்ளே போய் ஊதலை எடுத்துவந்து அவர் கையில் வைத்தாள். வெள்ளிக்கிழமை தேய்த்த பளபளப்பு போகாமல் இருந்தது.

அவர் வாயில் வைத்து ஊதினார். கடைவாயில் காற்றுப் பிரிந்தது. எச்சில் தெறித்தது. மறுபடியும். பஞ்சர் சத்தம். சாம்பசிவன் பார்க்கமாட்டாமல் தலையைத் திருப்பிக்கொண்டார். "வேண்டாம், விடுங்கோ, சிரமப்படாதேங்கோ."

கமலாத்தாள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். அந்த வீட்டில் அவள் புருஷனை வேற்றாள் முன்னால் தொட்டதில்லை. சற்றுமுன் சோறு வழிந்தபோதுகூடத் துண்டால்தான் துடைத்தாள். இப்போது இடது கையால் அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்து, வலது கையின் இரண்டு விரலை அவருடைய தொங்கிய கடைவாயில் வைத்து, உதட்டோடு கன்னத்தைச் சேர்த்து அழுத்தி மூடினாள்.

"இப்ப ஊதுங்க" என்றாள். "எவம் பாத்தா என்ன?"

ஊதினார்.

முதலில் இழுத்தது, தடுமாறியது, பிறகு பிடித்துக்கொண்டது. துடித்துத் துடித்து ஏறி, காற்றைக் கிழித்துக்கொண்டு தோப்புக்கு மேலே போய், சட்டென்று அறுந்தது.

பக்கத்துத் தோட்டத்தில் கொத்திக்கொண்டிருந்த பெண்களின் சத்தம் நின்றது. ஆள் யாரும் தெரியவில்லை. தூரத்தில் இரும்பு இரும்போடு உரசி இறங்கும் ஓசை கேட்டது. கொஞ்ச நேரத்தில் முற்றத்துக் கால்வாயில் நுரை மெலிந்தது. சலசலப்பு தணிந்து, சொட்டாகி, நின்றே போயிற்று. நனைந்த மணல் மட்டும் மின்னியது.

பவ்யா ஹெட்போனைக் கையால் அழுத்திக்கொண்டாள்.

"எதுக்கு ஊதினார்?" என்று கேட்டாள்.

"நிப்பாட்டுங்கறாரு கண்ணு. தண்ணியே நின்னுருச்சு. உம்பட பெரியப்பன் எழுத்து நிக்காதா?" கமலாத்தாள் விரலை எடுக்கவில்லை. "கமாண்டருங்க, அந்தக் காயிதத்த மடிச்சுப் பையில போட்டுக்கங்க. இவரு கதைய நாஞ் சொல்றேன். கட்டிக்கிட்டு வந்த நாள்லிருந்து கேட்டுட்டிருக்கறேன். நாந் தப்பாச் சொன்னா இவரு நிப்பாட்டுவாரு. நிப்பாட்டலீன்னா அத்தனையும் இவரு சொன்னது. சரிதானுங்க மாமா?"

ஊதல் பேசவில்லை. அந்த மௌனம் வராந்தா முழுக்க நிறைந்தது.

"கமிட்டி இதை ஒத்துக்காது" என்றார் சாம்பசிவன் மெதுவாக.

"ஒத்துக்காட்டிப் போகுது. பொண்ணு, புடிக்கிறியா?"

"ஓடிண்டுதான் இருக்கு, மாமி" என்றாள் பவ்யா.

கமலாத்தாள் சொன்னாள். கறுப்புக் கூம்பைச் சொன்னாள். அடுத்த வாரம் துடுப்புப் போட்டி, அதில் ஜெயிக்க வேண்டும் என்று பயிற்சியாளன் படகை இறக்கச் சொன்னதைச் சொன்னாள். மலைநாட்டுப் பையன், அப்போதுதான் நீச்சல் பழக ஆரம்பித்தவன், நடுவரிசையில் உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள். ஊதல் சும்மா இருந்தது.

"கடல்ல பாத்தா ஒவ்வொரு அலையும் தென்ன மரமாட்டம் வருதாமா. அப்பிடி வந்ததுல ஒரு அலை அந்தப் பையன எடுத்துட்டுப் போயிருச்சுங்க."

ஊதல் துடித்து அறுந்தது.

கமலாத்தாள் ஒரு மூச்சு விட்டாள். "கையிலிருந்து துடுப்பு நழுவிப்போச்சுங்க. அதப் புடிக்கலாமுன்னு எட்டுனவன் உள்ள உளுந்துட்டான்."

மறுபடியும் துடித்து அறுந்தது. முன்னைவிடப் பலமாக.

அவள் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். "அந்தப் புள்ள இங்கதான நிக்குது மாமா. சொல்லியே ஆகோணுங்களா?"

மௌனம். காற்றில் காய்ந்த மட்டை ஒன்று எங்கோ விழுந்தது.

"சொல்லுங்க மதினி" என்றாள் முருகேஸ்வரி.

"துடுப்பு நழுவுனது நெசம் அம்மிணி. அது தண்ணியில மெதந்துட்டுப் போச்சு. 'கவருமெண்டுச் சொத்து, குதிச்சு எடுத்துட்டு வாடா'ன்னு அந்தப் பயிற்சிக்காரன் சொன்னான்."

"எங்கண்ணனுக்குத்தான் நீந்தத் தெரியாதே. மலையில ஏது ஆழத் தண்ணி? தெரியாதுன்னு வாயத் தொறந்து சொல்லலியா அவன்?"

"அங்க அப்பிடிச் சொல்லப்படாதாமா. என்ன சொன்னாலும் ஒரே பதிலுதான் சொல்லோணுமாமா." கமலாத்தாளின் விரல் அசையவில்லை. "அதையச் சொல்லீட்டுத்தான் குதிச்சான். அது ஒண்ணுதான் அவன் கடைசியாப் பேசினது. இவரு பக்கத்துல உக்காந்து கேட்டாரு."

ஊதல் பேசவில்லை.

முருகேஸ்வரி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. வற்றிய கால்வாயின் ஈரமணலையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரிடம் என்றில்லாமல், "அப்ப அவன் செத்துட்டான்" என்றாள். அந்தச் சொல்லை அந்தக் குடும்பத்தில் முதல்முதலாக ஒருவர் வாய்விட்டுச் சொன்னார். நிப்பாட்டு வரவில்லை.

மோகனசுந்தரம் ஊதலை மறுபடி உதட்டுக்குக் கொண்டுபோனார். கமலாத்தாள் கடைவாயை இன்னும் இறுக்கினாள். இந்த முறை துடிப்பு இல்லை. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஒரே நீளமாக, ஒற்றை நூலாக, மூச்சின் கடைசி இழைவரை போனது. ஆனியில் மட்டும் வருவது மார்கழியில் வந்தது. தோப்புக்கு அப்பால் ஆறுச்சாமியின் துண்டு தோளிலிருந்து கைக்கு வந்திருக்கும்.

சாம்பசிவன் எழுந்துவிட்டார். அவர் எழவேண்டும் என்று நினைத்து எழவில்லை. அந்த ஊதல் கேட்டால் கப்பலில் இருப்பவன், அட்மிரலானாலும் அடுப்பங்கரையில் இருப்பவனானாலும், விட்டது விட்டபடி விறைத்து நிற்கவேண்டும். உடம்பு கற்றது அது. குதிகால் சேர்ந்தது, கை தொடையோடு ஒட்டியது, தாள் தரையில் விழுந்தது. விறைப்பைக் கலைக்க வேறோர் ஊதல் இருக்கிறது. அதை ஊதும்வரை அசையக் கூடாது.

மோகனசுந்தரம் அதை ஊதவில்லை.

கமாண்டர் நின்றார். கண்ணாடி இல்லாத கண்ணில் காற்று அடித்து நீர் கட்டியது. கையைத் தூக்கித் துடைக்கவில்லை.

"மோகனசுந்தரம்," என்றார் நேரே பார்த்தபடியே. "போறும். அதை ஊதுங்கோ."

மோகனசுந்தரம் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஐ ஐ சார்" என்றார்.

சொல்லிவிட்டு ஊதலைக் கீழே கொண்டுவந்து மடியில் வைத்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டார். கமலாத்தாள் அவர் கன்னத்திலிருந்து விரலை எடுத்தாள். அவசரப்படாமல் முந்தானையால் அவர் வாயைத் துடைத்தாள்.

பவ்யாவின் கை தயங்கித் தயங்கிக் கேமராவை நோக்கிப் போயிற்று.

"அணைக்காதே" என்றார் சாம்பசிவன், தலையைத் திருப்பாமல். "ஓடட்டும்."

"ஏனுங்..." ஷட்டர் பக்கமிருந்து காற்றோடு ஆறுச்சாமியின் குரல் கிழிந்து கிழிந்து வந்தது. "தொறக்கட்டுங்ளா...?"

மோகனசுந்தரம் முருகேஸ்வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நிமிர்ந்தால் ஊதுவார். அவள் மணலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுக்கும்வரை தண்ணீரும் நிற்கட்டும், கமாண்டரும் நிற்கட்டும்.